என்விடிஏ திரைபடிப்பான்: மொரிஷியஸ் தமிழ் வகுப்பில் எவ்வளவு தூரம் ஓடும்?

பார்வையில்லாத பிள்ளை ஒன்று வகுப்பில் சேர்ந்துவிட்டால், கணினி அறையின் ஒரு மூலையில் ஒரு கணினியை ஒதுக்கி, அதில் மட்டும் ஒரு திரைபடிப்பானைப் போட்டுவைப்பது வழக்கம். அறிவியல் ஆங்கிலத்தில் ஓடும், பிரெஞ்சுப் பாடமும் ஓடும். தமிழ்ப் பாடம் வந்ததும் வண்டி நின்றுவிடும். "இந்த மென்பொருளுக்குத் தமிழ் வராது போலிருக்கிறது" என்பார்கள். இங்கே தமிழ் விருப்பப் பாடம்தானே, விட்டுவிட்டால் என்ன என்ற பேச்சும் பின்னாலேயே வரும்.

என்விடிஏவுக்குத் தமிழ் வரும். வராமல் போகும்போது பெரும்பாலும் குற்றம் அதன் மேல் இல்லை, நாம் அதற்குக் கொடுக்கும் பயிற்சித்தாளில் இருக்கிறது. இந்த மதிப்புரையில் ஒரு பெரிய பகுதி பயிற்சித்தாளைப் பற்றி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

தெரியாதவர்களுக்காக: திரையில் உள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தரும் விண்டோஸ் மென்பொருள் என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்ற பார்வையற்ற நண்பர்கள் இருவர் 2006-ல் தொடங்கியது. இலவசம், திறமூலம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். உரிமக் கட்டணம், ஆண்டுச் சந்தா எதுவும் கிடையாது. பட்டியல்களும் அறிவிப்புகளும் தமிழிலேயே வரும்படி இடைமுகத்தை மாற்றிக்கொள்ளவும் முடியும். இதோடு போட்டிபோடும் ஜாஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதன் இலவச முறையில் 40 நிமிடத்துக்கு ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்யவேண்டும். ஒரு பாடவேளையைக்கூட அது நிம்மதியாகத் தாண்டாது.

குரல்கள்

தமிழுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, என்விடிஏவுடனேயே வரும் ஈஸ்பீக். இன்னொன்று, விண்டோஸ் 10, 11-ல் சேர்த்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் குரல். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர்! அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' பகுதிக்குப் போய், 'பேச்சு' என்பதன் கீழ் 'குரல் சேர்' என்பதை அழுத்தி, 'தமிழ், இந்தியா' தேர்ந்தெடுத்தால் வள்ளுவர் இறங்குவார். இறக்க மட்டும் இணையம் வேண்டும், அதன்பின் வேண்டாம். பிறகு என்விடிஏவில் இன்செர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேச்சு இயந்திரங்களின் பட்டியல் வரும். அதில் 'விண்டோஸ் ஒன்கோர்' எடுத்து, பேச்சு அமைப்பில் வள்ளுவரைத் தேர்ந்தால் முடிந்தது.

எதை வைப்பது? முதலில் கேட்கிறவருக்கு ஈஸ்பீக் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். வள்ளுவர் மனிதக் குரலுக்கு நெருக்கம். ஆனால் விசையை அழுத்தியதும் சட்டென்று பதில் சொல்வது ஈஸ்பீக்தான். அம்புக்குறியைத் தட்டித் தட்டி எழுத்தெழுத்தாகப் போகும்போது வள்ளுவர் அரை அடி பின்தங்குவார். எனவே பாடம் கேட்க வள்ளுவர், எழுத்துப் பயிற்சிக்கு ஈஸ்பீக். வேகத்தை நூற்றுக்கு 30, 40 என்ற அளவில் தொடங்கலாம். பிள்ளை பழகப் பழகத் தானாகவே கூட்டிக்கொள்ளும். கண்ட்ரோலும் இன்செர்ட்டும் பிடித்துக்கொண்டு பக்க அம்புகளால் 'வேகம்' வரைக்கும் போய், மேல், கீழ் அம்புகளால் மாற்றலாம். எடுத்த எடுப்பிலேயே வேகத்தைக் கூட்டி வைக்கும் ஆர்வக்கோளாறு வேண்டாம்.

ஈஸ்பீக் தமிழில் இருக்கும்போது ரோமன் எழுத்தைப் பார்த்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். மொரிஷியஸில் இது ஒரு வேடிக்கை. தமிழ்ப் பத்தியின் நடுவே ஊர்ப்பெயர் பிரெஞ்சு எழுத்தில் இருந்தால், நாம் 'காத்ர் போர்ன்' என்று சொல்வதை அது 'குவாட்டர் பார்ன்ஸ்' என்ற மாதிரி ஏதோ சொல்லும். தமிழ்ப் பாடத்தில் ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், தொல்லை விட்டது. நீளமான பிரெஞ்சு மேற்கோள் என்றால் வேர்டில் அதைத் தேர்ந்து, மொழியைப் பிரெஞ்சு என்று குறித்துவிடுங்கள். என்விடிஏவின் 'மொழியைத் தானாக மாற்று' வசதி ஆவணத்தில் உள்ள அந்தக் குறியைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. குறி இல்லாத வெற்று உரைக்கோப்பில் அதற்குப் பிடிமானம் கிடையாது.

ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் என்று ஒரே நாளில் மூன்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டிய பிள்ளைக்குத் தனித்தனி அமைப்பு வரைவுகள் உருவாக்கிவிடுவது நல்லது. இன்செர்ட், கண்ட்ரோல், பி அழுத்தினால் அந்தப் பெட்டி திறக்கும். 'தமிழ்' என்று ஒன்று, 'பிரெஞ்சு' என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் குரல், வேகம், பிரெய்ல் அட்டவணை மூன்றையும் வைத்துச் சேமித்து, உள்ளீட்டுச் சைகைகள் பெட்டியில் ஆளுக்கொரு விசை கொடுத்துவிட்டால், மணி அடித்து அடுத்த ஆசிரியர் வருவதற்குள் பிள்ளை தானே மாற்றிக்கொள்ளும். கிரியோலுக்கு விண்டோஸில் தனிக் குரல் இல்லை. பிரெஞ்சுக் குரலை வைத்து ஓட்டலாம், கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் புரியும்.

உச்சரிப்பில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தமிழ் எழுத்தில் 'பஸ்' என்பதற்கும் 'பல்' என்பதற்கும் முதலெழுத்து ஒன்றுதான். இலக்கணப்படி படிக்கும் இயந்திரம் இரண்டையும் வல்லினமாகவே அழுத்திச் சொல்லும். காந்தியும் அப்படித்தான். பேச்சு அகராதியில் திருத்தலாம் என்றால், மெல்லிய ஒலியைக் காட்டத் தமிழில் எழுத்தே இல்லையே! அதற்கு ஒரு குறுக்குவழி: மாற்றுச்சொல்லை ரோமன் எழுத்தில் கொடுங்கள். ஈஸ்பீக் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவி ஒழுங்காகச் சொல்லிவிடும். ஆனால் அகராதிப் பதிவில் 'முழுச்சொல்' வகையைத் தேர்ந்தால், புள்ளியிலோ உயிர்க்குறியிலோ முடியும் தமிழ்ச் சொற்களை அது பிடிக்காமல் விடக்கூடும். காரணம், அந்த வகை சொல்லின் எல்லையைக் கணிக்கும் முறையில் புள்ளியும் உயிர்க்குறியும் எழுத்தாகவே கணக்கில் வருவதில்லை. 'எங்கும்' வகையை எடுத்து, சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளியையும் சேர்த்து எழுதினால் பிடிக்கும். இதை ஒரு பத்துப் பதினைந்து சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அகராதி பெருத்தால் எந்தப் பதிவு எதைக் கெடுக்கிறது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

பயிற்சித்தாள்: உண்மையான இடறல் இங்கேதான்

பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு தாளைத் திறந்து, இன்செர்ட்டும் கீழ் அம்பும் அழுத்திப் படிக்கவிட்டுப் பாருங்கள். தலைப்பில் 'தமிழ்' என்று கண்ணுக்குத் தெரியும். காதில் விழுவது: "ஜே, கே, பி, ஓ". பாமினியில் தமிழ் என்பது உண்மையில் அந்த ஆங்கில விசைகள்தாம். எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. கண் ஏமாறும், திரைபடிப்பான் ஏமாறாது. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பலரும் "தமிழ் வராது" என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். 1998-ல் ரூபாய் நோட்டில் தமிழ் வரியின் இடம் மாறியதற்காக நோட்டையே திரும்பப் பெறவைத்த சமூகம் நாம். அதே சூட்டில் கால்வாசியைப் பயிற்சித்தாளின் எழுத்துருவிலும் காட்டியிருந்தால் இந்த மதிப்புரை இன்னும் சுருக்கமாக இருந்திருக்கும்.

தீர்வு எளிது. பாமினியை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. உரையை நகலெடுத்து ஒட்டி, மாற்றி, வேர்டில் புதுக் கோப்பாகச் சேமியுங்கள். ஆனால் மாற்றியதும் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். பாமினித் தாளுக்குள் பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக 'மாற்றப்பட்டு' உளறலாகிவிடும். அவற்றை முன்கூட்டியே வெட்டி வைத்து, பிறகு ஒட்டவேண்டும்.

யூனிகோடில் அடித்த தாளிலும் இரண்டு திருட்டுப் பிழைகள் ஒளிந்திருக்கும். ஒன்று, துணைக்காலுக்குப் பதில் ரகரம். 'கொடி' என்று அடிக்க வேண்டியவர் கெ, ர, டி என்று அடித்திருப்பார். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். என்விடிஏ "கெரடி" என்று படிக்கும், பிள்ளை விழிக்கும். மற்றொன்று ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம். 'கௌரி' 'கெளரி' ஆகிவிடுவாள். எழுத்துப்பிழை பார்க்கக் கண்ணைவிடக் காது கெட்டி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது பிடிஎஃப். வேர்டிலிருந்து சரியாக ஏற்றுமதி செய்தது பெரும்பாலும் பரவாயில்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்து வந்த சில பிடிஎஃப்களில் எகர, ஏகர, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடும். 'பொருள்' என்பதில் கொம்பு தனியே, பகரமும் காலும் தனியே. குரல் அங்கே திக்கித் திணறும். சோதிக்க ஒரு வழி: அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் என்விடிஏவிலும் வரும்.

ஸ்கேன் செய்த பக்கம் என்றால் அது வெறும் படம். என்விடிஏவில் இன்செர்ட்டும் ஆரும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரி அதைப் படிக்க முயலும். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நன்றாகவே உழைக்கும்; தமிழுக்கு விண்டோஸ் எழுத்துணரி கிடையாது. தமிழுக்கு வேறு வழி பார்க்கவேண்டும். பக்கத்தை 300 டிபிஐ அளவில், நேராக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக வரும். இணையமில்லாமல் செய்ய டெசராக்ட் என்ற இலவசக் கருவி, அதன் தமிழ்த் தரவோடு. எதுவானாலும் ன, ண மாறுவதும், காலும் ரகரமும் குழம்புவதும் இருக்கும். ஒருமுறை மெய்ப்புப் பார்த்தே தீரவேண்டும். செய்யுள் பக்கத்தை எழுத்துணரியிடம் கொடுக்காதீர்கள். சீர் பிரிப்பு சிதைந்து, திருத்தும் நேரத்தில் இரண்டு முறை தட்டச்சே செய்துவிடலாம்.

இனி வினா அமைப்பு. 'கோடிட்ட இடங்களை நிரப்புக' தொடக்கப் பள்ளித் தமிழ்த் தாளில் தவறாமல் இருக்கும். அடிக்கோடுகளை வரிசையாகப் போட்டு இடம் விட்டிருப்போம். என்விடிஏவின் இயல்பான நிறுத்தக்குறி அளவில் அடிக்கோடு ஒலிக்கவே ஒலிக்காது. 'கிளி ______ நிறம்' என்பது பிள்ளையின் காதில் 'கிளி நிறம்'. இடம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் எதை நிரப்புவது? இன்செர்ட்டும் பியும் அழுத்தி நிறுத்தக்குறி அளவைக் கூட்டலாம்தான், ஆனால் அப்புறம் எல்லாப் புள்ளியையும் காற்புள்ளியையும் அது பாராயணம் செய்யத் தொடங்கும். 'கிளி, கோடிட்ட இடம் 1, நிறம்' என்று எழுத்தாலேயே எழுதிவிடுவது எல்லாருக்கும் நல்லது.

'பொருத்துக' இதைவிட மோசம். இரண்டு பத்தியாக, நடுவில் இடைவெளிப்பட்டையைத் தட்டித் தட்டி அமைத்திருந்தால், குரல் இடமிருந்து வலமாக ஒரே மூச்சில் படிக்கும். 'பசு குட்டி, ஆடு கன்று' என்று தவறான விடையையே பாடமாகச் சொல்லிக்கொடுக்கும்! வேர்டின் உண்மையான அட்டவணையில் போட்டால் கண்ட்ரோல், ஆல்ட், அம்பு மூன்றையும் வைத்து நெடுவரிசை நெடுவரிசையாகப் போகலாம். உயிர்மெய் அட்டவணைக்கும் அதேதான். சின்ன வகுப்புக்கு அட்டவணைகூட வேண்டாம்; முதலில் 1 முதல் 5, பிறகு அ முதல் உ என்று இரண்டு பட்டியலாகக் கொடுத்தால் போதும்.

தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் வேர்டின் தலைப்புப் பாணியில் வையுங்கள். பிள்ளை இன்செர்ட்டும் இடைவெளிப்பட்டையும் அழுத்தி உலாவு நிலைக்குப் போய், எச் விசையால் வினாவுக்கு வினா தாவும். பாணி இல்லாத தாளில் எட்டாம் வினாவைத் தேட முதல் ஏழையும் மறுபடி கேட்கவேண்டும். படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் குறிப்பு, ஒரே வரியில். 'படத்தைப் பார்த்து எழுதுக' என்ற வினாவில் மாற்று உரையே விடையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சும் எழுத்துக்கூட்டலும்

விண்டோஸிலேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உண்டு. இங்கே பள்ளிக்குப் பள்ளி, சில சமயம் மேசைக்கு மேசை, பிரெஞ்சு அடுக்குப் பலகையும் ஆங்கில அடுக்குப் பலகையும் கலந்து கிடக்கும். தமிழ் 99 விசையின் இடத்தைத்தான் பார்க்கும், அதன் மேல் அச்சிட்ட எழுத்தை அல்ல. எஃப், ஜே விசைகளின் மேல் உள்ள மேடு இரண்டு பலகையிலும் ஒரே இடத்தில் இருப்பதால், விரலால் இடம் பிடிக்கும் பார்வையற்ற பிள்ளைக்கு எந்தப் பலகையும் ஒன்றே. குழம்புவது கண்ணால் பார்த்து அடிக்கும் நாம்தான். அஞ்சலைத் தொடக்கத்திலேயே பழக்கவேண்டாம். ஒலியை ரோமன் எழுத்தாக யோசிக்கவைப்பது தமிழ் எழுத்தை மனத்தில் நிறுத்த உதவாது.

அழிப்பதில் ஒரு நுணுக்கம். 'கி' என்று அடித்தபின் பேக்ஸ்பேஸ் தட்டினால் இகரக் குறி மட்டும் போய் 'க' மிஞ்சும். டிலீட் விசையோ முழு எழுத்தையும் விழுங்கும். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளை ஒன்றை அழித்ததாக நினைத்து அரையை விட்டுவைக்கும். இன்செர்ட்டும் 2-ம் எழுத்தொலிப்பு, இன்செர்ட்டும் 3-ம் சொல்லொலிப்பு. தமிழுக்குச் சொல்லொலிப்பை எப்போதும் வைத்திருங்கள்.

ஆனால் எழுத்துக்கூட்டலைக் குரலை மட்டும் நம்பிக் கற்பிக்க முடியாது. வீட்டில் கிரியோல் பேசி வளரும் பிள்ளைக்கு மனிதர் வாயிலிருந்தே ல, ள, ழ பிரித்துக் கேட்பது கடினம். இயந்திரக் குரலில் ந, ண, ன மூன்றும் ஒரே கூழ். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்கள் இங்கே மறுபடி உயிர்பெறுகின்றன. ஆசிரியர் வாயால் அப்படியே சொல்லுங்கள். இதற்கு உறுதியான மருந்து பிரெய்ல்தான்.

பிரெய்ல் பற்றி

இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிப் புள்ளி அமைப்பு உண்டு. ன, ண விரலுக்கு வேறுவேறு, குழப்பமே இல்லை. இன்னொரு வசதி: க, ம, ல, ப, த, ர ஆகியவை ஆங்கிலப் பிரெய்லின் கே, எம், எல், பி, டி, ஆர் அமைப்பையே கொண்டவை. ஆங்கிலமோ பிரெஞ்சோ பிரெய்லில் படித்த பிள்ளை தமிழைச் சூனியத்திலிருந்து தொடங்கவேண்டியதில்லை. உயிர்க்குறிகள் மெய்க்குப் பின்னால் தனிக் கட்டமாக வரும், கொம்பு முன்னால் வரும் தலைவலி கிடையாது. உண்மையில் அச்சுத் தமிழைவிட இது ஒழுங்கானது.

என்விடிஏவில் தமிழ்ப் பிரெய்ல் அட்டவணை உள்ளேயே இருக்கிறது. பிரெய்ல் அமைப்பில் வெளியீட்டு அட்டவணையைத் தமிழாக வைத்து, முன்சொன்ன 'தமிழ்' வரைவில் சேமித்துவிடுங்கள். மறந்தால், ஆங்கில அட்டவணையில் தமிழ் எழுத்து வந்து பொருளில்லாத புள்ளிக் குவியலாக நிற்கும். 'காட்சிப் பலகை (புள்ளிகளை விரலுக்கு எழுப்பிக் காட்டும் கருவி) பழுது' என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இந்த அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

காட்சிப் பலகைகளில் ஆர்பிட் ரீடர் 20 விலையில் எட்டக்கூடியது. மற்றவை ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் இடத்தில் இது சில நூறில் நிற்கிறது. எடை அரைக் கிலோவுக்குள். யுஎஸ்பியிலும் புளூடூத்திலும் இணையும். குறைகளும் உண்டு. வரி மாறும்போது சடசடவென்று சத்தம் வரும். கட்டத்தைத் தொட்டு அங்கேயே சுட்டியைக் கொண்டுபோகும் விசைகள் இல்லை, எனவே திருத்தி எழுத மெதுவாகவே வரும். முக்கியமாக, 20 கட்டம் தமிழுக்குக் குறுகல். 'தமிழ்' மூன்றெழுத்து, பிரெய்லில் ஐந்து கட்டம். 'பள்ளிக்கூடம்' பன்னிரண்டு. ஒரு வரிக்கு இரண்டு சொல் கிடைத்தாலே அதிர்ஷ்டம். சொற்பயிற்சிக்கும் சொல்வதெழுதலுக்கும் போதும், கதை படிக்கக் குரலே மேல். நிதி இல்லாத இடத்தில் பெர்கின்ஸ் பிரெய்ல் தட்டச்சுப்பொறியும் கெட்டித் தாளும் இன்றும் குறைவில்லை. சைக்ளோன் வந்து மின்சாரம் போனாலும் அது ஓடும்.

ஒரு கணினி அல்ல, எல்லாக் கணினியும்

மூலைக் கணினி முறையைக் கைவிடுங்கள் என்பது இங்கே அழுத்தமாகச் சொல்லவேண்டியது. அந்த ஒன்று கெட்டால் பிள்ளைக்கு அன்றைக்குப் பாடம் இல்லை. தோழியோடு பக்கத்தில் உட்காரவும் வழியில்லை. இலவச மென்பொருளைப் பூட்டிவைக்க ஒரு காரணமும் இல்லை. எல்லாவற்றிலும் நிறுவி, 'உள்நுழைந்ததும் தொடங்கு' என்பதை நீக்கிவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு தொந்தரவும் இராது. வேண்டியவர் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் தட்டினால் எழுந்து பேசும், இன்செர்ட்டும் கியூவும் அழுத்தினால் அடங்கும்.

நிறுவ நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். அது கைவசம் இல்லாதபோது பென்டிரைவில் எடுத்துச்செல்லும் நகலை உருவாக்கி ஓட்டலாம், கருவிகள் பட்டியலில் அதற்கு வழி உண்டு. உள்நுழைவுத் திரையிலும், நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியிலும் பென்டிரைவ் நகல் பேசாது என்பதை நினைவில் வையுங்கள். பிள்ளை தன் அமைப்புகளோடு வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோக இதைவிட நல்ல வழி இல்லை.

கணினி அறைகளில் பெரிய வில்லங்கம் ஒன்று: மறுதொடக்கம் செய்ததும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பும் உறைநிலை மென்பொருள். அதை நிறுத்தாமல் என்விடிஏவையும் வள்ளுவரையும் போட்டால் மறுநாள் காலையில் இரண்டும் இருக்காது. உறைநிலையை நீக்கி, நிறுவி, குரல்களை இறக்கி, வரைவுகளைச் சேமித்து, அதன்பின் மறுபடி உறையவையுங்கள். இன்னும் விண்டோஸ் 7 ஓடும் அறையா? என்விடிஏ 2023.3 வரிசைதான் அதற்குக் கடைசி. வள்ளுவர் வரமாட்டார், ஈஸ்பீக்கோடு சமாளிக்கவேண்டியதுதான்.

காதொலிப்பான் கம்பி வைத்ததாகவே வாங்குங்கள். புளூடூத் வகை சும்மா இருக்கும்போது உறங்கி, குரல் வந்ததும் எழுவதற்குள் முதல் அசையை விழுங்கிவிடும். 'இல்லை' வெறும் 'லை'யாக வரும். புதிய பதிப்புகளின் ஒலி அமைப்பில், பேசி முடித்தபின் எவ்வளவு நேரம் கருவியை விழிப்பாக வைப்பது என்று குறிக்க இடம் உண்டு, கூட்டினால் ஓரளவு தீரும். ஒரு காதை மட்டும் மூடும் வகை வகுப்புக்கு ஏற்றது. மற்றக் காதால் ஆசிரியரைக் கேட்கலாமே. இரட்டைப் பிரிப்பான் ஒன்றும் வாங்கிவிட்டால் பிள்ளை கேட்பதை ஆசிரியரும் கூடவே கேட்கலாம். அற்ப விலை, பெரிய உதவி.

பார்வை இருந்தும் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு என்விடிஏ சரியான கருவி அல்ல. ஒவ்வொரு பொத்தானையும் அது அறிவிப்பது அவர்களைத் திணறடிக்கும். எட்ஜ் உலாவியின் உரக்கப் படிக்கும் வசதியைக் கொடுங்கள். அதில் பல்லவி என்ற தமிழ்க் குரல் இயல்பாகவே பேசும், ஆனால் இணையம் வேண்டும். டிஸ்லெக்சியாவுக்கென்று பேசப்படும் ஓப்பன்டிஸ்லெக்சிக் எழுத்துருவில் தமிழ் எழுத்தே இல்லை. தேர்ந்தாலும் தமிழ் வழக்கமான உருவிலேயே நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டுவது பலன் தரும். குறைபார்வைக்கு விண்டோஸ் விசையும் கூட்டல் குறியும் உருப்பெருக்கியைத் திறக்கும், 1600 விழுக்காடு வரை போகும்.

தேர்வு பற்றி ஒரு வார்த்தை. கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் சிறப்பு ஏற்பாடு கேட்கும்போது, மாணவர் வகுப்பில் வழக்கமாக வேலை செய்யும் முறை அதுதானா என்று பார்ப்பார்கள். எஸ்சி (பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு) ஆண்டில் அவசர அவசரமாக என்விடிஏ பழகிக்கொண்டு கேட்டால் வழக்கை நிறுவுவது கடினம். ஏழாம் வகுப்பிலிருந்தே தமிழ்ப் பயிற்சித்தாளை இதில் கொடுத்து, இதில் எழுதவைத்து, அந்தக் கோப்புகளைத் தேதியோடு வைத்திருங்கள்.

தாளைப் பிள்ளைக்கு அனுப்புமுன் இன்செர்ட், கண்ட்ரோல், எஸ்கேப் மூன்றையும் அழுத்துங்கள். திரைத்திரை விழுந்து மானிட்டர் முழுக் கறுப்பாகும், குரல் மட்டும் இருக்கும். அந்த இருட்டில் உங்கள் தாளின் எட்டாம் வினாவைக் கண்டுபிடித்து, விடையை அதன் கீழ் அடித்து, சேமித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் தாளைத் திருத்துங்கள்.